காசிமேட்டுக் கழிவுக் கூடையிலிருந்து விளக்கு மீனைத் தோல் உரியாமல் எடுப்பது எப்படி

ஆழ்கடலில் வெளிச்சம் போடும் மீனைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, விடியுமுன் சென்னை காசிமேட்டு மீன்பிடி ஹார்பருக்குப் போங்கள் என்பதுதான். நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்குகடல் போன லாஞ்சு, அதாவது பெரிய விசைப்படகு, கரை சேர்ந்து, வஞ்சிரம், சங்கரா, இறால், கணவாய் எல்லாம் ஏலத்துக்குப் போன பிறகு, படகோரம் சில கூடைகள் கேட்பாரற்று நிற்கும். கோழித்தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகிற கழிவு மீன். அதைக் கிளறினால் விரல் நீளம்கூட இல்லாத, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கண்ணோடு, பாதித் தோல் உரிந்த ஒரு கறுத்த மீன் சில நாள் கிடைக்கும். அதுதான் விளக்கு மீன்.

நான் ராயபுரத்துக்காரன். கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர். மீனைப் பாட்டிலில் போடுவது, லேபிள் எழுதுவது, ஸ்பிரிட் (எத்தனால்) மாற்றுவது என்றே என் வேலை நாள் போகும். மாணவர்கள் ஆர்வமாகக் கொண்டுவரும் விளக்கு மீன்கள் பெரும்பாலும் பெயர் சொல்ல முடியாத நிலையில்தான் வந்து சேர்கின்றன. காரணம் ஒன்றே ஒன்று. இந்த மீனின் அடையாளம் முழுவதும் தோலின் மேல் இருக்கிறது. எந்த இடத்தில் எத்தனை ஒளிப்புள்ளி என்பதை வைத்துத்தான் இனம் பிரிக்கிறார்கள். கேரி பேகில் போட்டுக் குலுக்கி, குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தால் புள்ளியும் போய்விடும், பெயரும் போய்விடும். அதனால் இந்தக் குறிப்பில் தேடுவதைவிடக் கையாளுவதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம்

மிக்டோஃபிடே என்ற குடும்பத்தில் ஏறக்குறைய 250 இனங்கள் இருக்கின்றன. உலகத்துக் கடல்கள் எல்லாவற்றிலும் உண்டு. பெரும்பாலானவை ஒரு சாணுக்கும் குறைவு. நம் வங்காள விரிகுடாவுக்கும் இவற்றுக்கும் பழைய தொடர்பு இருக்கிறது. இன்வெஸ்டிகேட்டர் என்ற ஆய்வுக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கை ஆய்வாளராகவும் இருந்த ஆல்ஃபிரட் வில்லியம் அல்காக், இந்தக் கடலில் கிடைத்த சின்ன விளக்கு மீன் ஒன்றை 1890-இல் விவரித்து எழுதினார். இன்று அதற்குப் பெந்தோசீமா டெரோட்டம் என்று பெயர். நன்றாக வளர்ந்தாலும் 7 சென்டிமீட்டர்தான். ஆயுள் ஒரு வருஷத்தைத் தாண்டுவது அரிது. அரபிக்கடலின் வடக்கே, ஓமான் வளைகுடாப் பக்கம் இதே மீன் பெருங்கூட்டமாக இருக்கிறது. கரையோரக் கடல்தரை ஆழத்துக்கு இறங்கும் கண்டச் சரிவை ஒட்டி வாழ்கிற இனம் என்பதால் நம் பக்கத்துப் படகுகளின் மடியில், அதாவது இழுவலையில், விழுவதற்கும் இதற்கு வாய்ப்பு அதிகம்.

பகலில் இவை நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில், கிட்டத்தட்ட இருட்டில், பிராணவாயு குறைந்த தண்ணீரில் இருக்கும். பொழுது சாய்ந்ததும் மேலே ஏறி வரும். இரவு முழுக்க மேல்தண்ணீரில் இறால், நண்டு வகையறாவான சின்னச் சின்ன ஓட்டுடலிகளைத் தின்றுவிட்டு, விடியுமுன் திரும்ப இறங்கிவிடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒலி அனுப்பி ஆழம் பார்த்த கப்பல்காரர்களுக்கு நடுக்கடலில் தரை தட்டுப்பட்டது. அந்தத் தரை சாயங்காலம் மேலே வந்தது, காலையில் கீழே போனது. அப்படித் தரையாகத் தெரிந்தது விளக்கு மீனும் அதோடு கூட ஏறி இறங்குகிற மற்ற உயிர்களும்தான். இதை நீங்களும் பார்க்கலாம். ஆழக்கடல் போகிற ஸ்ராங்கு (படகு ஓட்டுநர்) யாராவது தெரிந்தவர் இருந்தால், 200 மீட்டருக்கு மேல் ஆழமான இடத்தில் நிற்கும்போது பொழுது சாயும் நேரத்தில் ஒலி அனுப்பி மீன் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் திரையைப் பார்த்துவரச் சொல்லுங்கள். முடிந்தால் அரைமணிக்கு ஒரு தரம் போனில் படம் எடுத்துவரச் சொல்லுங்கள். மங்கலான பட்டை ஒன்று மெதுவாக மேலே வருவது தெரியும். அது பட்டையாகத் தெரிவதற்கு ஒரு பெரிய காரணம் சின்ன மீன்களின் வயிற்றில் இருக்கிற காற்றுப்பை. ஒலி அதில் பட்டுத்தான் திரும்புகிறது.

எப்போது, யாரிடம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது வந்து பயனில்லை. தடை முடிந்து லாஞ்சுகள் கடலுக்குப் போய்த் திரும்பத் தொடங்கும்போது கூடைகளும் நிறையத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். ஊரே மீன் வாங்க வந்திருக்கும், படகுக்காரர் யாரும் உங்களோடு நின்று பேச மாட்டார்கள். வாரநாள் நல்லது. ஏலம் ஓய்ந்து, கழிவுக்கு வண்டி வருவதற்கு முன்னால் கிடைக்கிற இடைவெளிதான் உங்கள் நேரம்.

எல்லாக் கூடையையும் கிளற வேண்டியதில்லை. கூடையில் என்ன துணை இருக்கிறது என்று பாருங்கள். காரப்பொடி, நெத்திலி, சின்ன நண்டு, கிளிஞ்சல் என்று இருந்தால் அது கரையோர மடி, அடுத்த கூடைக்குப் போகலாம். நீளமான முன்முள்ளோடு செக்கச்செவேல் என்று ஆழக்கடல் இறால் தலைகள், வால் எலிவாலாக ஒடுங்கும் மீன், பச்சையாக மின்னும் பெரிய கண் கொண்ட மீன், இதில் ஏதாவது கண்ணில் பட்டால் நில்லுங்கள். அந்த மடி சரிவில் இழுத்த மடி. நம் கரையிலிருந்து கண்டமேடையின், அதாவது ஆழம் குறைந்த கரையோரக் கடல்தரையின், விளிம்பு ரொம்பத் தூரமில்லை. ஆழக்கடல் இறாலுக்காக விளிம்பைத் தாண்டி மடி போடுகிற படகுகளின் கூடையில்தான் தேட வேண்டும்.

இன்னொன்று. நாள்கணக்கில் தங்கி வருகிற படகில் முதல் நாட்களின் கழிவைக் கடலிலேயே தள்ளிவிடுவது வழக்கம். ஐஸும் இடமும் விலைமீனுக்கு வேண்டும். கடைசி ஒன்றிரண்டு நாளில் விழுந்ததைத்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள். அதனால் கழிவுக் கூடை என்றாலும் நினைக்கிற அளவு பழசாக இருக்காது. ஆனால் ஐஸ் குறைவாகப் போட்டிருப்பார்கள். வெயில் ஏறுமுன் எடுத்தாக வேண்டும்.

கூடையைத் தொடுமுன் படகுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். கழிவுக்கும் கிலோவுக்கு விலை உண்டு, அது யாரோ ஒருவருடைய கூலி. "அண்ணே, ஆழத்து மீன் ஒண்ணு ரெண்டு பார்த்து எடுத்துக்கிறேன், காலேஜுக்கு" என்று சொன்னால் பெரும்பாலும் தலையசைத்துவிடுவார்கள். மீன் தரம் பிரிக்கிற அக்கா ஒருவர் என்னைப் பார்த்தால், "இன்னா சார், இன்னிக்கும் கண்ணாம்முழி மீனா?" என்பார். இப்போதெல்லாம் அவரே இரண்டு மூன்றைத் தனியாக ஐஸ் மேல் எடுத்து வைத்துவிடுகிறார். தோல் உரியாமல் எடுத்துவைக்க அவரிடம்தான் நான் கற்றுக்கொண்டேன். விரலால் கிள்ளி எடுக்க மாட்டார். ஒரு சங்கரா வாலைக் கரண்டி மாதிரிப் பிடித்து அடியில் விட்டு, மீனைத் தூக்காமல் சரித்து ஐஸில் விடுவார்.

வெறுங்கையை ஆழமாக விடாதீர்கள். கெளுத்தி முள் குத்தினால் அன்றைக்கு வேலை அவ்வளவுதான். அதைவிட மோசமான நச்சு முள் கொண்ட மீன்களும் அந்தக் கூடையில் கிடக்கும், சில நாள் கடல்பாம்பும் கிடக்கும். நீளமான இடுக்கி அல்லது மூங்கில் குச்சி வைத்துக்கொள்ளுங்கள். கடல்குதிரை, கடல்அட்டை கிடைத்தால் எடுத்துப் பையில் போட வேண்டாம். இரண்டும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, ஆய்வுக்கு என்று சொன்னாலும் அனுமதி இல்லாமல் வைத்திருக்க முடியாது.

இதுதானா என்று பார்ப்பது

கண் பெரிது, மூக்கு மழுங்கல், வாய் கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். இந்த மூன்றும் இருந்தால் பாதி உறுதி. புதியவர்கள் நெத்திலியோடு குழப்பிக்கொள்கிறார்கள். நெத்திலிக்கு மூக்கு கீழ்த்தாடையைத் தாண்டி முன்னே நீட்டிக்கொண்டிருக்கும், பக்கவாட்டில் வெள்ளிக் கோடு ஓடும். விளக்கு மீனுக்கு அப்படி இல்லை. அடுத்து முதுகைப் பாருங்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில் முள் இல்லாத ஒரு சின்னத் தோல் மடிப்பு நிற்கும். அது கொழுப்புத் துடுப்பு. நெத்திலிக்குக் கிடையாது. தும்பிலிக்கு உண்டு, ஆனால் தும்பிலி உருண்டு நீண்ட உடம்பு, வாய் நிறைய ஊசிப் பல், கண்ணும் சின்னது. பார்த்ததும் தெரிந்துவிடும்.

கடைசியாக வயிற்றோரம். வெளிச்சத்தில் லேசாகச் சாய்த்துப் பார்த்தால், கழுத்தடியிலிருந்து வால்வரை சட்டைப் பட்டன் வரிசை மாதிரி சின்னச் சின்ன வட்டங்கள் போகும். ஒவ்வொன்றும் கடுகை விடச் சின்னது. நல்ல நிலையில் இருந்தால் வெள்ளியோ நீலமோ மினுங்கும், சுற்றிலும் கறுப்பு விளிம்பு இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால் அமைப்பும் புரியும். மேலே ஒரு செதில் தடித்து, கண்ணாடி வில்லையாக மாறியிருக்கிறது. உள்ளே ஒளி உண்டாகும் திசு. அதற்குப் பின்னால் ஒளியைத் திருப்பிவிடும் வெள்ளிப் பூச்சு. எல்லாவற்றுக்கும் பின்னால் கறுப்புக் கிண்ணம், ஒளி மீனின் உடம்புக்குள் கசியாமல் இருக்க. இவ்வளவும் ஒரு மில்லிமீட்டர் இடத்துக்குள். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு இதில் அலுப்பு வந்ததில்லை.

வில்லையாக இருப்பது செதில்தான் என்பதைக் கவனியுங்கள். விளக்கு மீனின் செதில்கள் உடம்போடு இறுகப் பிடித்திருப்பவை அல்ல. மடியில் மற்ற மீன்களோடு உரசினாலே உதிரும். நீங்கள் விரலால் ஒரு தரம் தடவினால் மீதியும் போகும். கையாளுவதைப் பற்றி நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

எடுத்து வீடு சேர்ப்பது

கூடவே கொண்டுபோக வேண்டியவை: மூடி இறுக்கமான சின்னப் பிளாஸ்டிக் டப்பாக்கள், அகலமான ஸ்பூன், மழுங்கிய நுனி இடுக்கி, பென்சில், தடித்த காகிதத் துண்டுகள், ஐஸ் போட ஒரு தெர்மாகோல் பெட்டி, அப்புறம் உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீரை வீட்டிலேயே கலந்துகொள்ளுங்கள், ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு. ஹார்பருக்குள் தேங்கிய தண்ணீரை மொள்ள வேண்டாம். அதில் டீசல் மிதக்கும், மீன்மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும்.

டப்பாவில் முக்கால் பங்கு உப்புத் தண்ணீர் ஊற்றி ஐஸ் பெட்டிக்குள் முன்கூட்டியே குளிர வைத்துவிடுங்கள். கூடையில் மீனைப் பார்த்ததும் சுற்றியுள்ள மற்ற மீன்களை நகர்த்துங்கள், விளக்கு மீனை நகர்த்தாதீர்கள். இடம் கிடைத்ததும் ஸ்பூனை அடியில் விட்டு, மேலே ஒட்டியிருக்கிற சேறு, கொழகொழப்பு எல்லாவற்றோடும் சேர்த்தே எடுத்துத் தண்ணீருக்குள் சரியுங்கள். துடைக்க வேண்டாம். கழுவ வேண்டாம். அழுக்கு தண்ணீரில் தானாகப் பிரிந்துவிடும். ஒரு டப்பாவில் இரண்டு மூன்றுக்கு மேல் போடக் கூடாது. மூடும்போது காற்றுக்கு இடமில்லாமல் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி மூடுங்கள். காற்று இருந்தால் வண்டி குலுங்கும்போது மீன் அடிபடும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பைக்கில் திருவொற்றியூர் வரை போய்ப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

உரியாமல் கிடைத்த ஒரு மீன், உரிந்த இருபது மீனுக்குச் சமம். நிறைய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். நல்லதாக ஒன்று கிடைத்தால் அன்றைக்கு அதுவே போதும்.

மீனை எடுத்த கையோடு படகுக்காரரிடம் மூன்று கேள்வி கேட்டுப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். எந்தத் திசை, எவ்வளவு தூரம். எத்தனை பாகம் ஆழம். மடி போட்டது பகலா இரவா. ஒரு பாகம் ஏறக்குறைய 1.8 மீட்டர். நூறு பாகம் என்று சொன்னால் 180 மீட்டர். ஜிபிஎஸ் இருக்கிற லாஞ்சில் புள்ளியையே கேட்டு வாங்கலாம். ஆனால் நல்ல மீன்பாடு உள்ள இடத்தைச் சொல்ல யாரும் விரும்ப மாட்டார்கள், அது அவர்கள் பிழைப்பு, வற்புறுத்தக் கூடாது. ஆழமும் நேரமும் கிடைத்தாலே பெரிது. பகல் மடியா இரவு மடியா என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மேலேறி இறங்குகிற மீனுக்கு ஆழத்தை மட்டும் எழுதி நேரத்தை எழுதாமல் விட்டால் அந்தக் குறிப்பால் உபயோகமில்லை.

படம் எடுப்பது

வீட்டுக்கோ ஆய்வகத்துக்கோ வந்ததும் முதல் வேலை இதுதான். மற்றதெல்லாம் அப்புறம். வெளிறிய தட்டு ஒன்றில் உப்புத் தண்ணீர் ஊற்றி, மீன் முழுகும்படி, தலை இடப்பக்கம் பார்க்கும்படி கிடத்துங்கள். அதாவது மீனின் இடது பக்கம் மேலே இருக்க வேண்டும். மீனைப் பதிவு செய்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள், பிறகு ஒப்பிட வசதி. இடப்பக்கம் உரிந்து வலப்பக்கம் நன்றாக இருந்தால் அதையும் எடுங்கள். தண்ணீருக்குள் முழுகியிருந்தால் பளபளப்பு கண்ணைக் கூசாது, புள்ளிகள் தெளிவாக விழும். ஓரத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், போன் ஃப்ளாஷ் வேண்டாம். முழு மீன் ஒரு படம், தலை ஒன்று, வயிற்றோரம் ஒன்று, வாலடி ஒன்று. நீளம் அளக்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம்வரை அளக்க வேண்டும், வால் நுனிவரை அல்ல. வால் பெரும்பாலும் கிழிந்துதான் இருக்கும்.

புள்ளி எண்ணுவது

இங்கே அவசரம் வேண்டாம். இருக்கிற வேலையிலேயே ருசியான வேலை இது. மீனின் ஒரு பக்கத்தைப் படமாகக் காகிதத்தில் வரைந்துகொண்டு, லென்ஸில் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு புள்ளியையும் அதன் இடத்தில் குறித்து வாருங்கள்.

மார்புத் துடுப்பிலிருந்து வயிற்றுத் துடுப்புவரை ஒரு வரிசை. பெரும்பாலும் ஐந்து. வயிற்றுத் துடுப்பிலிருந்து குதத் துடுப்பு தொடங்கும் இடம்வரை அடுத்த வரிசை. குதத்துக்கு மேலே பக்கவாட்டில் மூன்று தனியாக நிற்கும். அவை நேர்கோட்டில் இருக்கின்றனவா, முக்கோணமாக முறிந்து நிற்கின்றனவா என்று பாருங்கள். குதத் துடுப்பின் அடியை ஒட்டி நீளமாக ஒரு வரிசை. வால் தொடங்குவதற்கு முன்னால் சில. எண்ணிக்கை மட்டும் போதாது, வரிசையில் எது மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கிறது என்பதும் முக்கியம்.

நம் பக்கம் கிடைப்பவற்றில் முதல் பிரிவினை செய்ய இரண்டு இடம் பார்த்தால் போதும். வயிற்றுத் துடுப்புக்குப் பின் வரிசையில் ஐந்து, வாலுக்கு முன்னால் நான்கு, மார்பு வரிசையில் நான்காவது புள்ளி தூக்கலாக இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் டயாஃபஸ். இந்தப் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் இந்தத் தொகுதியில், கண்ணை ஒட்டி முகத்திலும் ஒளியுறுப்பு இருக்கும், சில இனங்களில் அது நன்றாகவே பெரிது. வயிற்று வரிசையில் நான்கு, வாலுக்கு முன்னால் இரண்டு என்றால் பெந்தோசீமா, மிக்டோஃபம் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். அதற்குமேல் இனப்பெயர் வரை போவதற்குத் துடுப்பு முள், செவுள் முள் எல்லாம் எண்ண வேண்டியிருக்கும். அதை விவரம் தெரிந்தவரோடு உட்கார்ந்து செய்யுங்கள். லேபிளில் பேரினம் வரை எழுதி நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. தெரியாத இனப்பெயரை எழுதிவைப்பதுதான் கெடுதல். அதை நம்பிப் பத்து பேர் மேற்கொண்டு வேலை செய்வார்கள்.

வாலடியை மறக்காதீர்கள். பெந்தோசீமாவிலும் மிக்டோஃபத்திலும் வளர்ந்த மீனுக்கு வால்காம்பில் வெளிறிய ஒளித்தகடு இருக்கும். மேல்பக்கம் இருந்தால் ஆண், கீழ்ப்பக்கம் இருந்தால் பெண். வயிற்றை அறுக்காமலே ஆண் பெண் சொல்ல முடிகிற மீன்கள் குறைவு.

இருட்டில் எரியுமா?

எல்லாரும் கேட்பது இது. எரியாது. விளக்கு மீன் தன் ஒளியைத் தானே உண்டாக்குகிறது. சீலென்டரசின் என்ற வேதிப்பொருள் அதற்கு வேண்டும், அதைத் தின்கிற இரையிலிருந்து பெறுகிறது. ஏற்றுவதும் தணிப்பதும் நரம்பின் வேலை. மேலேயிருந்து கசிகிற மங்கலான நீல வெளிச்சத்துக்கு ஈடாக வயிற்றை ஒளிர வைத்துக்கொண்டால், கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிற எதிரிக்கு நிழல் தெரியாது. வயிற்றுப் பக்கம் புள்ளிகள் அடர்ந்திருப்பது அதற்குத்தான். மீன் செத்து ஐஸில் கிடந்த பிறகு ஏற்றிவைக்க நரம்பு இல்லை. இரண்டு நாள் கழித்து உங்கள் மீன் இருட்டில் பச்சையாக மினுங்கினால், அது மேலே வளர்ந்த ஒளிரும் பாக்டீரியா. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக மின்னியதே, அது நாக்டிலூக்கா என்ற ஒற்றைச் செல் உயிர். அதற்கும் இந்த மீனுக்கும் சம்பந்தமில்லை.

மீன் ஒளியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் விளக்கு மீனை விடுங்கள், காரப்பொடி வாங்குங்கள். நம் வீடுகளில் வறுத்துத் தின்கிற அதே காரல் மீன்தான். அதன் தொண்டைக் குழாயைச் சுற்றி வளையமாக ஒரு பை இருக்கிறது, அதற்குள் ஒளிரும் பாக்டீரியா குடியிருக்கிறது. ஃபைபர் படகில் அன்றைக்கே வந்த, செவுள் சிவப்பு மாறாத காரலாக வாங்குங்கள். ஜன்னலை எல்லாம் மூடி, கால்மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்குங்கள். கூடவே ஒருவர் மங்கலான சிவப்பு விளக்கைப் பிடிக்க, தலைக்குப் பின்னால் அறுத்துத் தொண்டைக் குழாயைத் திறந்துவிட்டு விளக்கை அணையுங்கள். புதுமீனாக இருந்தால் நீலமாக ஒரு பொட்டு தெரியும். பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவது எனக்கு ரொம்பப் பிடிக்கும். தண்டையார்பேட்டையில் பிறந்து வாரா வாரம் காரப்பொடி தின்று வளர்ந்த பிள்ளைக்கு, தன் வீட்டுச் சட்டியில் இருந்ததும் வெளிச்சம் போடுகிற மீன்தான் என்று தெரிய வேண்டும்.

காதுக்கல்

தோல் முழுதாக உரிந்த மீன் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மண்டைக்குள், மூளைக்கு அடியில், இரு பக்கமும் வெள்ளையாக ஒரு சின்னக் கல் இருக்கும். விளக்கு மீனின் கல் இனத்துக்கு இனம் வடிவம் மாறும், உடம்பின் அளவுக்குப் பெரிதாகவும் இருக்கும். தலையை அடிப்பக்கமாகத் திறந்து, செவுளை விலக்கி, மழுங்கிய இடுக்கியால் எடுத்து, தண்ணீரில் அலசிக் காயவைத்துக் காகித மடிப்பில் போட்டு எழுதிவையுங்கள். இந்தக் கல்லைத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான், நாளுக்கு ஒன்றாக விழும் வளையங்களை எண்ணி, வயதைக் கணக்கிடுகிறார்கள். சூரை மீன் வெட்டுகிறவர்களைத் தெரிந்தால் இரைப்பையைக் கேட்டு வாங்குங்கள். அதற்குள் சூரை தின்ற விளக்கு மீனின் சதை கரைந்து போய்க் கல் மட்டும் மிஞ்சியிருப்பதும் உண்டு. கல்லை எடுப்பதென்றால், மீனைக் கெடாமல் வைக்கிற ஃபார்மலினில் போடுமுன் எடுத்துவிட வேண்டும். ஃபார்மலின் நாளாக ஆக அமிலமாகும், கல் கரையும்.

பாட்டிலில் போடுவது

ஆய்வக வசதி இல்லாதவர்கள் உறையவைத்தால் போதும். சின்ன ஜிப் கவரில் உப்புத் தண்ணீரோடு மீனை விட்டு, காற்றை வெளியேற்றி மூடி, தட்டையாகப் படுக்கவைத்து ஃப்ரீசரில் வையுங்கள். பனிக்கட்டிக்குள் இருக்கிற தோலுக்குச் சேதமில்லை. லேபிள் கவருக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஆய்வகம் உள்ளவர்களுக்கு: மரபணு ஆய்வுக்கு வேண்டியிருக்கும் என்று தோன்றினால் வலப்பக்கச் சதையில் ஒரு சின்னத் துண்டு எடுத்து 95 சதவீத எத்தனாலில் தனியாக வையுங்கள். ஃபார்மலினில் போன பிறகு அது சரியாக வராது. அப்புறம் ஒரு பங்கு ஃபார்மலினுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அதில் கொஞ்சம் வெண்காரம். மீன் நேராக இருக்கும்படி தட்டில் கிடத்தி ஊற்ற வேண்டும். வளைந்தபடி விறைத்துவிட்டால் பிறகு நிமிர்த்த முடியாது. இத்தனை சின்ன மீனுக்கு மூன்று நாள் தாராளம். பிறகு ஒரு நாள் நல்ல தண்ணீரில் மாற்றி மாற்றி ஊறவைத்து, 50 சதவீத ஸ்பிரிட்டுக்கும் அதிலிருந்து 70 சதவீதத்துக்கும் மாற்றுங்கள். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. பிள்ளைகள் கிட்டே வரவே கூடாது. ஃபார்மலின் பாட்டிலை ஒருநாளும் ஹார்பருக்குக் கொண்டுபோகாதீர்கள். 2018-இல் மீனில் ஃபார்மலின் கலக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியபோது காசிமேட்டு வியாபாரம் எப்படிப் படுத்தது என்று அங்கே எல்லாருக்கும் நினைவிருக்கிறது. நம் பாட்டிலைப் பார்த்து ஒருவர் சந்தேகப்பட்டாலும் நஷ்டம் அந்த அக்காக்களுக்குத்தான்.

லேபிள் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். தேதி, காசிமேடு, ஆழம், பகலா இரவா, நீளம், எடுத்தவர் பெயர். பாட்டிலுக்கு வெளியே ஒட்டுவது கூடுதல் வசதிக்கு மட்டும், உள்ளே ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

இனம் பிடிபடாத மீன் கிடைத்தால் சாந்தோமில் இந்திய விலங்கியல் மதிப்பாய்வுத் துறையின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ராயபுரம் ஹார்பர் வளாகத்திலேயே இந்திய மீன்வள ஆய்வுத் துறையின் சென்னைத் தளம் இருக்கிறது. நேரில் போகுமுன் படத்தையும் குறிப்பையும் அனுப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். படம் தெளிவாக இருந்து, ஆழமும் நேரமும் எழுதியிருந்தால் பதில் சொல்கிறவருக்கும் வேலை சுலபம்.

தடைக்காலத்தில் புது மீன் வராது. அந்த இரண்டு மாதத்தில் பழைய பாட்டில்களைக் கீழே இறக்கி, மஞ்சளாகிப் போன ஸ்பிரிட்டை மாற்றுங்கள், குறைந்ததை நிரப்புங்கள், மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் புதிது போடுங்கள். சென்னை வெயிலில் சரியாக மூடாத பாட்டில் ஒரு கோடைக்குள் காய்ந்துவிடும். வரைந்த புள்ளிப் படங்களைக் கோப்பில் சேர்த்து, எந்தப் படம் எந்தப் பாட்டிலுக்கு என்று எண் போட்டுவிடுங்கள். ஜூன் 15-க்குப் பிறகு கூடைகள் திரும்ப வரும்போது டப்பாவும் உப்புத் தண்ணீரும் தயாராக இருக்கட்டும்.